சின்ன ஊசி

மழை பெய்தால் வண்டி கழுவுகிறவன் வயிற்றில் ஈரத்துணி. மழை விட்டால் அவனுக்குச் சாகக்கூட நேரமிருக்காது.

நாள்கணக்கில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த வானம் அன்றைக்குக் காலையில்தான் வாயை மூடியது. வெயில் தரையில் கால் வைப்பதற்குள் ஷெட்டு வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. சக்கரத்தில் சேறு, கதவில் சேறு, கண்ணாடியில் சேறு. ஒரு பைக்குக்காரன் முதுகு முழுக்கச் சேறு.

"என்னையும் சேத்து ஒரு அடி அடிச்சு விடுங்க" என்றான் அவன்.

"ஆளுக்கு ரேட்டு தனி" என்றான் பம்பு.

பம்பு என்பது பட்டப்பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரியில் கூப்பிடும்போது மட்டும் வெளியே வரும், அப்போதும் அவன் சட்டென்று எழுந்திருக்க மாட்டான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பான். அவன் பெண்டாட்டிக்கு நுரையக்கா என்று பெயர். பம்பு முன்னால் தண்ணீரை அடித்துச் சேற்றைக் கரைத்துக்கொண்டு போவான். அவள் பின்னாலேயே நுரை பூசி, ஸ்பாஞ்சால் தேய்த்து, கால்மிதிகளை உதறித் துவைத்துக் கொடியில் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் தொழில். இரண்டு பேர் உள்ளங்கையும் எப்போதும் ஊறிப்போய், இட்ட சோற்றைப் பிசைவதற்குக்கூட வலிக்கும்.

அன்றைக்குப் பம்பு நின்ற கோலத்தை யாராவது தள்ளி நின்று பார்த்திருந்தால் ஈரக்குலை நடுங்கியிருக்கும். கையில் பிரஷர் கன். இடுப்புப் பையில் ஒரு பிளாஸ்டிக் குடுவை. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சட்டைக்குள் ஏறி, வலது மார்பில் குத்தி ஒட்டியிருந்த ஊசியில் போய் முடிந்தது. நனையக் கூடாதென்று மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நாடாவால் கட்டியிருந்தாள் அவள்.

அவனுக்குக் குடலில் புற்று. வெட்டி எடுத்துத் தைத்தாயிற்று. மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதையும் கொல்ல மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கை நரம்பில் ஏற்றினால் நரம்பு வெந்துவிடும் என்று, கழுத்தெலும்புக்குக் கீழே தோலைக் கீறி, கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு சிறு பெட்டியைப் புதைத்துத் தைத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு குழாய் எலும்புக்கு அடியில் நுழைந்து, பெரிய ரத்தக்குழாய் வழியாக இருதயத்து வாசல்வரை போகிறது. ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் போர்ட். வீட்டில் பொத்தான்.

ஒவ்வொரு தடவையும் பாதி மருந்தை அங்கேயே ஏற்றிவிட்டு, மீதியைக் குடுவையில் அடைத்துப் பொத்தானோடு இணைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். குடுவைக்குள் ஒரு பலூன். அது இரண்டு நாள் மெல்ல மெல்லச் சுருங்கி மருந்தை உள்ளே தள்ளும். சுருங்கி முடிந்ததும் குழாயைக் கழற்றி, உப்புத்தண்ணீர் விட்டு அலசி, ஊசியைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்கு மட்டும் அவ்வளவு தூரம் அலைவானேன் என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்தது என்றால் என்ன, சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நாற்காலியாக ஆட்கள் காத்திருந்தார்கள்.

"கிளாம்ப மூடணும், குழாயக் கழட்டணும், பத்து மில்லி சிரிஞ்சுல உப்புத்தண்ணி, விட்டு விட்டு அழுத்தணும், ஊசிய எடுத்துட்டு பஞ்ச வைக்கணும். பத்து மில்லிதான், வேற சைஸ் கூடாது. புரிஞ்சுதா?"

"ஏன் சிஸ்டர் வேற..."

"அடுத்தது யாரு? வாங்க, வாங்க."

பொத்தானில் முதலிலிருந்தே ஒரு கோளாறு இருந்தது. பம்பு கையைத் தொங்கப்போட்டிருந்தால் மருந்து முரண்டுபிடிக்கும். தலைக்கு மேல் தூக்கினால் ஓடும். "கையத் தூக்குங்க... ஆங், இப்பப் போகுது பாருங்க. சில பேருக்கு அப்படித்தான்" என்பார்கள் சிஸ்டர்கள். பம்புவுக்கு அது ஒரு வேடிக்கை. "போலீஸ் புடிச்ச திருடன் மாதிரி நிக்க வச்சிட்டாங்கடி" என்பான். வீட்டில் பலூன் சுருங்கத் தாமதமானால் கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்குவான்.

அன்றைக்குத் தாமதமாகவில்லை. காலை டீயின்போதே பலூன் வற்றிப்போயிருந்தது.

"என்னங்க, சுருங்கிருச்சு. வாங்க, கழட்டிரலாம்."

"இந்தப் பைக்க முடிச்சிட்டு."

பைக் முடிந்தது. பின்னால் ஒரு பால் வண்டி நின்றது. அதுவும் முடிந்தது.

"என்னங்க!"

"ஏன்டி தொணதொணக்கிற? பலூன்தானே சுருங்கிச்சு, நானா சுருங்கிட்டேன்?"

இரண்டு வண்டி தள்ளி நின்றது பள்ளிக்கூட வேன். அதன் டிரைவர் பழைய வாடிக்கை. ஷெட்டுச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே, "நுரையக்கா, மனுஷன் வேலை செய்யிறப்ப இழுக்காதீங்க. இன்னைக்கு விட்டா இந்தச் சேறு இனி எப்ப வருமோ" என்றார்.

"நீங்க வேன உருட்டுங்க அண்ணே, நாக்க உருட்டாதீங்க."

டிரைவர் சிரித்தார். பம்புவும் சிரித்தான். இரண்டு நாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தவன் சிரிக்கிறானே என்று அவளுக்கும் மனசு இளகியது. அந்த இளக்கத்தில் இன்னும் இரண்டு வண்டி போனது. மருந்து ஓடாத குழாயில் ரத்தம் ஏறி உறைந்துகொண்டிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் அவன் கன்னைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "சரி வா, உன் வைத்தியத்தப் பண்ணு" என்று பின்னறைக்கு வந்தான்.

ஷாம்பூ கேன்களுக்கும் பழைய டயர்களுக்கும் நடுவே ஒரு கட்டில். அவள் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கிளாம்பை மூடினாள், குழாயைக் கழற்றினாள், பெரிய சிரிஞ்சில் உப்புத்தண்ணீரை ஏற்றி மாட்டி, கிளாம்பைத் திறந்து அழுத்தினாள்.

அசையவில்லை.

"போகலீங்க."

"இரு, கையத் தூக்குறேன். இப்ப?"

"இல்ல. கல்லு மாதிரி நிக்குது."

"நல்லா அழுத்து. சோறு திங்கிறியா, காத்துக் குடிக்கிறியா?"

இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். அவனைத் திரும்பிப் படுக்கச் சொன்னாள், இருமச் சொன்னாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"வேணாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"வெளிய எத்தன வண்டி நிக்குதுன்னு பாத்தியா? அங்க போனா டோக்கன் போட்டு உக்காந்து பொழுதே போயிரும். போயும் அவங்க என்ன பண்ணப் போறாங்க? அவங்களும் அழுத்தத்தான் செய்வாங்க." கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். தொழில் பேச்சு என்று வந்துவிட்டால் அவன் முகத்தில் நோய் இருக்காது. "நம்ம கன்னுல சேறு கெளம்பலேன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"கன் முனையில சின்ன நாசில் மாட்டுவீங்க."

"அதான். சிறுத்தா அடி பெருசு. இவ்வளவு பெரிய சிரிஞ்ச வச்சுக்கிட்டு முக்கினா எப்படிடி போகும்? வயித்துல போடுற ஊசிக்கு வாங்குனோமே, ரெண்டு மில்லி, அது ஒண்ணு மிச்சம் இருக்குல்ல? அத எடு."

"பத்துதான் போடணும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"ஏன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப அது அவங்க வசதிக்குச் சொன்னது. ஆஸ்பத்திரிக் கிட்டங்கியில பத்து மில்லிதான் நெறயக் கெடக்குதோ என்னவோ. சின்னத எடுடி."

அவள் எடுத்தாள். உறையைப் பிரித்தாள். விரல் கனம்கூட இல்லாத சிரிஞ்சு, பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தது. மாட்டி அழுத்தினாள். கட்டைவிரல் நுனி வெளுத்தது. "இன்னும்" என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

உள்ளே ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது.

சத்தம் கேட்டதா என்று பின்னால் அவளைப் பலபேர் கேட்டார்கள். சத்தமெல்லாம் இல்லை. கட்டைவிரலுக்கு மட்டும் தெரிந்தது. அவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு நின்றது சட்டென்று வழிவிட, தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"போச்சா?"

"போச்சுங்க!"

"பாத்தியா? பெரிய டாக்டருக்கெல்லாம் நம்ம ஷெட்டுல ஒரு மாசம் டிரெயினிங் குடுக்கணும்டி."

அவளும் சிரித்தாள். அவன் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். அதுதான் அவளுக்குப் பின்னால் ஆறவே இல்லை, சிரித்தது.

ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து ஒட்டும்போது, "எலும்புக்குக் கீழ ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் எரியுது" என்றான். தண்ணீர் போன குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தார்கள். அவன் கன்னை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனான்.

ஒரு பக்கத்துச் சேற்றை அடித்து முடித்து, மறுபக்கம் திரும்பினான். அவள் முதல் பக்கத்துக்கு நுரை பூசிக்கொண்டிருந்தாள். திடீரென்று தண்ணீர்ச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. எட்டிப் பார்த்தாள். கன் தரையில் கிடந்தது. குழாய் அடிபட்ட பாம்பு மாதிரி துள்ளித் துள்ளி நாலு பக்கமும் தண்ணீரை வாரி இறைத்தது. பம்பு ஈரத்தில் சக்கரத்தோடு சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்திருந்தான்.

"என்னங்க? என்னங்க ஆச்சு?"

"நெஞ்சுக்குள்ள... தவள குதிக்குதுடி."

நுரைக்கையை அப்படியே அவன் மார்பில் வைத்தாள். இரண்டு அடி அடித்தது. நின்றது. பிறகு மூன்று நான்கு அடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. மறுபடியும் நின்றது.

"அண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டார்.

வேனில்தான் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை நுரை, மறுபக்கம் முழுக்கச் சேறு. போகிற வேகத்தில் நுரை பிய்த்துக்கொண்டு பின்னால் வந்த வண்டிகளின் கண்ணாடியில் அப்பியது. சிக்னலில் பக்கத்தில் நின்ற காரிலிருந்து ஒருவன் கண்ணாடியை இறக்கி, "என்ன அண்ணே, குளிச்சிட்டு இருக்கப்பவே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தான். உள்ளே குழந்தைகள் உட்காருகிற குட்டை சீட்டில் பம்பு மடங்கிக் கிடந்தான். அவன் உதட்டில் நிறம் இல்லை.

அவசரப் பிரிவில் அவனை ஸ்ட்ரெச்சரில் போட்டு மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். படம் எடுத்தார்கள். ஸ்கேன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பசையைத் தடவி, நெஞ்சின் மேல் ஒரு கட்டையை வைத்துப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய் ஒரு நரைத்த டாக்டரைக் கூட்டிவந்தார். நரைத்தவர் திரையை இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் முழங்கைவரை நுரை காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"இங்க வாங்கம்மா. இது அவரு இதயம். இது துடிக்குது, தெரியுதா?"

தெரிந்தது. கறுப்பும் சாம்பலுமாக ஒரு பை திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"உள்ள வெள்ளையா ஒண்ணு தெரியுதா?"

அதுவும் தெரிந்தது. புழு மாதிரி ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் எம்பியது, வளைந்தது, சுவரில் மோதித் திரும்பியது.

"அதுதான் உங்க போர்ட்டோட குழாய். பிச்சுக்கிட்டு இதயத்துக்குள்ள போயிருச்சு."

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். கேட்டது தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். குழாய் என்பது வெளியே இருப்பது, மாட்டுவது, கழற்றுவது. அது எப்படி ஒரு மனுஷனின் இருதயத்துக்குள் நீந்தும்?

"வீட்டுல என்ன பண்ணீங்க?"

"அலசினோம்... அடைச்சிருந்துச்சு..."

"எந்த சிரிஞ்சு?"

"சின்னது."

"சின்னதா?" டாக்டரின் குரலில் அந்த அறையே திரும்பிப் பார்த்தது. "சின்ன சிரிஞ்சுல அழுத்தினா பிரஷர் எத்தன மடங்கு ஏறும்னு தெரியுமா? குழாய் கிழியாம என்ன செய்யும்? பத்து மில்லிதான் போடணும்னு சொல்லி அனுப்பினாங்களா இல்லையா? யாரு பண்ண வேல இது?"

அவள் சொல்லத்தான் போனாள். அதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது.

"இவதான், டாக்டர்."

பம்பு தலையைத் தூக்கியிருந்தான். கண் அவள் பக்கம் வரவில்லை. டாக்டரையே பார்த்திருந்தது. "இவதான் அழுத்தினா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

திரையில் தெரிந்த புழுவைவிட அது அவளை அதிகம் தாக்கியது. காது அடைத்துப்போய், டாக்டர் அதற்குமேல் திட்டியதெல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி கேட்டது. "உசுரோட வெளையாடுறீங்களா?" என்றார். "தெரியலேன்னா தொடக் கூடாது" என்றார். அவள் தலையை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் ஆட்டினாள்.

ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள். தொடையில் ஒரு ஊசித் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாக ஒரு கம்பியை இருதயத்துக்கு அனுப்பி, அந்தத் துண்டைச் சுருக்குப் போட்டு இழுக்கப் போகிறார்களாம். "வந்துருமா?" என்று டிரைவர் கேட்டார். "பெரும்பாலும் வந்துரும். வழியில நுரையீரல் பக்கம் நழுவாம இருக்கணும்" என்றார் சின்ன டாக்டர். கதவு மூடியது.

வராந்தாவில் உட்கார இடமில்லை. அவள் சுவரோடு ஒட்டிக் குந்தினாள். நான் வேணாம்னுதான் சொன்னேன். அந்த வாக்கியத்தை மனசில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒருவேளை சொல்லியிருப்பானோ? நம் காதில்தான் விழவில்லையோ? அவன் சொன்ன உறுதியில் அவளுக்கே சந்தேகம் வந்தது. சின்ன நாசில், சிறுத்தா அடி பெருசு, இன்னும், இன்னும். இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாத்தனார் வந்த சத்தம் வராந்தாவின் அந்த முனையிலேயே கேட்டது. பம்புவின் அக்கா. ஒரு துணிக்கடையில் வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே ஓடி வந்திருந்தாள். தியேட்டருக்குள் போகுமுன் டிரைவரின் போனை வாங்கித் தம்பி அவளிடம் பேசியிருக்கிறான். என்ன பேசியிருப்பான் என்பது அவள் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"கொன்னுட்டியேடி! புத்துநோய்கூட விட்டு வச்சிருந்தத நீ முடிச்சிட்டியேடி!"

"அண்ணி..."

"அண்ணின்னு கூப்பிடாத. அவன் வேணாம் வேணாம்னு கத்துனானாமே, கேட்டியா? என்ன அவசரம் உனக்கு? நுரை பூசுற கைக்கு டாக்டர் வேல கேக்குதா?"

"யக்கா," என்று டிரைவர் நடுவில் வந்தார். "உள்ள இருக்கிறவருக்கு உசுரு இருக்கு. வெளிய இருக்கிறவங்கள ஏன் கொல்றீங்க?"

"நீ யாருய்யா?"

"வேன் கழுவ வந்தவன்க்கா. பாதியில நிக்குது."

நாத்தனார் அதற்குமேல் திட்டவில்லை. அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பாவம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். குந்தியிருந்தவளைப் பார்த்த பார்வை வேறு.

நுரையக்கா ஒன்றும் மறுக்கவில்லை. அது ஏன் என்று டிரைவருக்கே விளங்கவில்லை. ஷெட்டுச் சுவரில் சாய்ந்தபடி, "சின்னத எடுடி" என்று பம்பு உள்ளேயிருந்து சத்தம் போட்டதை அவர் காதாலேயே கேட்டிருந்தார். குனிந்து, "சொல்லிரவாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கதவு திறந்தது. நரைத்த டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு எஃகுத் தட்டு.

"எடுத்தாச்சு. இதயத் துடிப்பு ஒழுங்காயிருச்சு. பொழச்சாரு."

நாத்தனார் வாய்விட்டு அழுதாள். நுரையக்காவுக்கு அழுகை வரவில்லை. தட்டில், ரத்தம் பிசுபிசுத்த பஞ்சின் மேல், ஒரு சாண் நீளத்துக்கு வெளிறிய குழாய்த் துண்டு. இவ்வளவுதானா? இதுவா அப்படித் துள்ளியது?

டாக்டர் துண்டைக் கவ்வியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறியது.

"முனை நசுங்கியிருக்கு. பாருங்க, தட்டையாப் போயி, தேஞ்சு... இது ஒரே நாள்ல உடைஞ்சது இல்ல. அவரு என்ன வேல பாக்குறாரு?"

"வண்டி கழுவுறாரு. பிரஷர் கன் புடிக்கிறது."

"வலது கையிலயா?"

"ஆமா."

"கழுத்தெலும்புக்கும் மொத விலா எலும்புக்கும் நடுவுல குழாய் மாட்டியிருக்கு. கைய ஆட்ட ஆட்டக் கத்தரிக்கோல்ல மாட்டுன மாதிரி நசுங்கிட்டே வந்திருக்கு." சற்று நிறுத்தினார். "முன்னாடி மருந்து ஏத்துறப்ப ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா? கையத் தூக்கினாத்தான் போகும், அப்படி ஏதாவது?"

"மொதத் தடவையில இருந்தே அப்படித்தான்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"நாங்க என்னத்தச் சொல்றது டாக்டர்? கையத் தூக்கச் சொன்னதே உங்க சிஸ்டருங்கதான். ஒவ்வொரு தடவையும். சில பேருக்கு அப்படித்தான்னு சொன்னாங்க."

டாக்டர் துண்டைத் தட்டில் வைத்தார். சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன அர்த்தம் டாக்டர், கையத் தூக்கினாத்தான் போகுதுன்னா?"

"நசுங்குதுன்னு அர்த்தம்" என்றார், குரல் இறங்கி. "அப்பவே படம் எடுத்துப் பாத்து, மாத்தியிருக்கணும்."

"யாரு மாத்தியிருக்கணும்?"

"விசாரிக்கிறேன்மா. ஆனா நீங்க சின்ன சிரிஞ்சு போட்டதும் தப்புதான்."

"தப்புதான்." அவள் எழுந்து நின்றாள். இவ்வளவு நேரம் எங்கே கிடந்ததோ அந்தக் குரல், வராந்தா முழுக்கக் கேட்டது. "கை என்னோடது. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா சின்னது ஏன் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? உள்ள இருக்கிற குழாய் தாங்காது, கிழிஞ்சிரும்னு ஒரே ஒரு வார்த்த? அதச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவரு ஆயுசு பூரா பிரஷர் அடிச்ச மனுஷன். அந்த வார்த்தையக் கேட்டிருந்தா, சின்னத எடுன்னு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். டாக்டர் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல உள்ளே போய்விட்டார். நாத்தனார் கவனித்துவிட்டாள். அழுகை நின்று, ஈரக் கண்ணோடு அவளையே பார்த்தாள்.

"சின்னத எடுன்னு யாரு சொன்னா?"

"விடுங்க அண்ணி."

மறுநாள் காலை பார்க்க வார்டுக்குள் விட்டார்கள். துளை போட்ட காலை மடக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிப் பம்புவைப் பலகை மாதிரி நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். செத்துப்போன பொத்தானைத் தோண்டி எடுத்த இடத்தில் புதுத் தையல். நாத்தனார் ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். நுரையக்கா கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய வண்டி நின்னுச்சே, என்ன ஆச்சு?" என்றான் பம்பு. முதல் பேச்சே அதுதான்.

"எல்லாம் போயிருச்சு."

"டிரைவர் வேனு?"

"பாதிச் சேத்தோடவே ஓட்டிட்டுப் போனாரு. பிள்ளைங்க ரெண்டு கலர் வேனுன்னு சிரிச்சுதாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். தையல் இழுத்தது. அவள் சிரிக்கவில்லை.

"அண்ணி முன்னால சொல்லுங்க," என்றாள். "சின்ன ஊசிய எடுக்கச் சொன்னது யாரு?"

அவன் கூரையைப் பார்த்தான். நாத்தனாரின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"உன்னத்தான் கேக்குறா. சொல்லுடா" என்றாள் நாத்தனார்.

"நான்தான்."

"பின்ன ஏன்டா என்கிட்ட அப்படிச் சொன்ன? நான் இவள என்னென்ன..." கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். கஞ்சி சிந்தியது.

"எனக்குப் பயம்க்கா."

"இவ மேலயா?"

"அந்த டாக்டர் மேல. அவரு கத்துனாருல்ல, யாரு பண்ண வேல இதுன்னு. நான்தான்னு சொன்னா, நீயே இழுத்துக்கிட்டது, நீயே சாவுன்னு விட்டுட்டா? அடுத்தவங்க பண்ணிட்டாங்கன்னா பாவம்னு பாப்பாங்க. எந்திரிச்சு ஓட முடியல, நெஞ்சு நின்னு நின்னு ஓடுது... அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"அதுக்கு என்னைத் தூக்கிப் போட்டீங்க" என்றாள் அவள்.

"உன்னத்தான் போட முடிஞ்சுது." அப்போதுதான் அவளைப் பார்த்தான். "எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் அவனைப் பார்த்தாள். அறையலாம் போல இருந்தது. தையலில்லாத பக்கமாகப் பார்த்து அறையலாம் போல இருந்தது. அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த கஞ்சிப் பருக்கையும் தெரிந்தது. இரண்டையும் அப்படியே விட்டாள்.

நாத்தனார் மெல்ல அவள் பக்கம் திரும்பினாள். முந்தின நாள் கத்திய வாய் இப்போது சொல் தேடியது. "அவன்தான் பயத்துல ஒளறுனான். நீ ஏன்டி வாயத் தொறக்கல? நான் அவ்வளவு பேசுனப்பவும் ஊமையாக் குந்தியிருந்தியே."

"உள்ள அறுத்துக்கிட்டு இருந்தாங்க அண்ணி," என்றாள் அவள். "இவரு சொல்லித்தான் செஞ்சேன்னு தெரிஞ்சா, பாதியில விட்டுட்டு வந்துருவாங்களோன்னு எனக்கும் பயமா இருந்துச்சு."

வார்டுக் கதவு திறந்தது. நரைத்த டாக்டரும் பின்னால் நாலைந்து வெள்ளைச் சட்டைகளும் உள்ளே வந்து, முதல் கட்டிலில் ஆரம்பித்தார்கள். அங்கே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த கட்டிலிலும் நின்றார்கள். நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள், சிந்திய கஞ்சியைப் புறங்கையால் மறைத்தாள். பம்பு முழங்கையை ஊன்றிவிட்டான். மடக்கக் கூடாத கால் மடங்கியது. வலியில் முகம் கோணியது. அப்படியும் எழுந்திருக்கத்தான் பார்த்தான், உதட்டில் ஒரு கும்பிடு போடுகிற சிரிப்போடு.

அவள் அவன் நெற்றியில் கை வைத்துத் தலையணையில் அழுத்தினாள்.

"படுங்க."

"டாக்டர் வராருடி, எந்திரி, எந்திரி..."

"வரட்டும். வேலைக்குத்தானே வராரு. நீங்க படுங்க."

டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். அவள் ஸ்டூலை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துப் போட்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள். "இனி எதுன்னாலும், ஏன்னும் சேத்துச் சொல்லுங்க."